சூரியன் கடலில் விழும் ஊர்

எங்கள் பெரிய தாத்தா, அதாவது அப்பாவின் பெரியப்பா, திருமலைராயன்பட்டினத்து வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து சொன்ன கதைகளில் ஒன்றை மட்டும் நாங்கள் கடைசி வரை நம்பவில்லை. "மார்செல்ல சூரியன் கடல்ல விழும்" என்பார், அவர் மார்செல் என்றது பிரான்சின் தெற்குக் கடற்கரையில் இருக்கும் மர்சேய் ஊரை. காரைக்கால் பக்கம் பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்குக் கடல் என்றாலே கிழக்கு. சூரியன் கடலிலிருந்து கிளம்பும், சாயங்காலம் வயலுக்கு அந்தப் பக்கம் தென்னை மரங்களுக்குள் போய் இறங்கும், அவ்வளவுதான் எங்களுக்குத் தெரிந்த உலகம். அதைத் தலைகீழாகச் சொன்னால், தாத்தாவுக்கு வயதாகிவிட்டது, ஞாபகம் புரள்கிறது என்றுதான் நினைத்தோம். முகத்துக்கு நேராகச் சிரிக்கவும் செய்தோம். இப்போது நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

அவர் சொல்தா. வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன், காரைக்கால், புதுச்சேரிப் பக்கம் பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்தவர்களை அப்படித்தான் சொல்வோம். 1739 முதல் 1954 வரை காரைக்கால் பிரெஞ்சுக்காரர்கள் கையில் இருந்த ஊர். தாத்தா 1949ல் ரயிலில் தனுஷ்கோடி போய், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கடல் தாண்டி, கொழும்பில் பெரிய கப்பல் ஏறி, ஜிபுத்தி, சூயஸ் என்று சுற்றி மர்சேய் துறைமுகத்தில் இறங்கினார். சேன் மார்த் என்ற இடத்தில் இருந்த ராணுவ முகாமில் சில மாதம் வைத்திருந்தார்கள். பிறகு அதே துறைமுகத்திலிருந்து வியட்நாமில் இருக்கும் சைகோனுக்கு அனுப்பினார்கள். திரும்பி வந்து, கல்யாணம் பண்ணிக்கொண்டு, பிரெஞ்சுப் பென்ஷன் வாங்கிக்கொண்டு, நிலத்தையும் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டார். பாரிசைப் பற்றி அவர் பேசியதே இல்லை. அவர் பார்த்த பிரான்ஸ் மர்சேய்தான். அதைக் கடைசி வரை மார்செல் என்றே சொன்னார்.

அதனால் 2023 ஜூனில் சித்தி மகன் வீட்டுக்கு, பாரிசுக்கு வெளியே சார்செல் என்ற ஊருக்குப் போனபோது, நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: மர்சேய்க்கு நாலு நாள் கூட்டிப் போ. தம்பிக்கு விருப்பமே இல்லை. "அங்க எதுக்குக்கா? குப்பை ஊரு, பர்சு அடிச்சிடுவான், நீஸ் போகலாம்" என்றான். அங்கே இருக்கிற நம் ஆட்கள் நிறையப் பேர் இதையேதான் சொல்கிறார்கள். நம் பக்கத்திலிருந்து போகிறவர்கள் ஈபிள் கோபுரம், லூர்து மாதா கோவில் இரண்டையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். நான் நேராகவே சொல்கிறேன், காவிரிக் கடைமடையில், இந்தக் கடற்கரையில் பிறந்த ஒருவருக்கு பிரான்சில் பார்க்க வேண்டிய முதல் ஊர் மர்சேய். பாரிஸ் அப்புறம்.

பாரிசில் கார் த லியோன் நிலையத்திலிருந்து டிஜிவி என்ற அதிவேக ரயில். சுமார் 750 கிலோமீட்டரை மூன்றேகால் மணி நேரத்தில் போய்விடுகிறது, காரைக்காலிலிருந்து சென்னை போக எனக்கு ஆகும் நேரத்தில் பாதிகூட இல்லை. டிக்கெட்டை ஒரு மாதம் முன்னாலேயே எடுத்துவிடுங்கள், கடைசி நேரத்தில் விலை இரண்டு மூன்று மடங்கு ஏறிவிடும்.

சேன் சார்ல் என்ற அந்த ஸ்டேஷன் ஒரு மேட்டின் மேல் இருக்கிறது. வெளியே வந்தால் காலடியில் ஊர், எதிரே தூரத்தில் ஒரு மலை, மலை உச்சியில் கோவில், அதன் தலையில் தங்கமாக மின்னும் மாதா. கீழே இறங்க அகலமான கல் படிக்கட்டு. "ஸ்டேஷன்ல நூத்திநாலு படி, மூட்டையோட ஏறுனேன்" என்று தாத்தா சொன்னது ஞாபகம் வந்து, பெட்டியைத் தம்பியிடம் கொடுத்துவிட்டு ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டே இறங்கினேன். 104. ஒன்றுகூட அதிகமில்லை, குறைவில்லை. அப்போதே எனக்குள் ஏதோ இளகிவிட்டது.

படிக்கட்டின் அடியில் இரண்டு பக்கமும் இரண்டு பெரிய கல் சிற்பங்கள் இருக்கின்றன. இந்தப் படிக்கட்டு 1927ல் திறந்தது, பிரான்சுக்குக் கண்டம் கண்டமாகக் காலனிகள் இருந்த காலம். ஒரு பக்கத்துச் சிற்பத்தின் பெயர் ஆசியக் காலனிகள், மறுபக்கம் ஆப்பிரிக்கக் காலனிகள். இரண்டிலும் ஒரு பெண் சாய்ந்து படுத்திருக்கிறாள். ஆசியா என்றால் சைகோன், ஹனோய், அந்தக் கணக்கில் காரைக்காலும்தானே? சுற்றுலா வந்தவர்கள் அவள் மேல் பையை வைத்துவிட்டு போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். இருபது வயசுப் பையன் ஒருவன், நெல் வயலை விட்டால் வேறு தெரியாதவன், கனத்த கம்பளிக் கோட்டோடு இந்தப் பெண்ணைக் கடந்து ஏறிப் போயிருக்கிறான். அவளைப் பற்றி அவர் எங்களிடம் எதுவும் சொன்னதில்லை. கவனிக்கவில்லையா, கவனித்தும் சொல்லவில்லையா என்பதை இனி யாரிடம் போய்க் கேட்பது.

அங்கிருந்து பத்து பதினைந்து நிமிடம் நடந்தால் பழைய துறைமுகம். ப என்ற எழுத்தைப் படுக்கப் போட்ட மாதிரி மூன்று பக்கம் கரை, ஒரு பக்கம் கடலுக்கு வாய். உள்ளே நூற்றுக்கணக்கில் பாய்மரப் படகுகள். கி.மு. 600 வாக்கில், இன்றைய துருக்கியில் இருந்த போக்கேயா என்ற ஊரிலிருந்து கிரேக்கர்கள் வந்து இறங்கிய இடம் இதுதான் என்கிறார்கள். அதற்கு ஒரு கதையும் உண்டு. உள்ளூர்த் தலைவன் மகள் ஜிப்டிஸ், விருந்துக்கு வந்தவர்களில் தான் விரும்பியவனுக்கு ஒரு கிண்ணத்தை நீட்ட வேண்டும், அவன்தான் மாப்பிள்ளை. அன்றைக்குத்தான் கரை இறங்கிய கிரேக்க மாலுமி புரோட்டிசிடம் அவள் கிண்ணத்தை நீட்டினாளாம். நம் சுயம்வரம் மாதிரிதான், மாலைக்குப் பதில் கிண்ணம்.

இதைக் கேட்டதும் எனக்குப் பூம்புகார்தான் நினைவுக்கு வந்தது. காவிரி கடலில் கலக்கிற இடம், எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் போய் வரக்கூடிய தூரம். மிளகும் குதிரையும் வந்து இறங்கிய துறைமுகம் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். இன்றைக்குப் போனால் மணலும் மீனவர் படகுகளும் ஒரு கலைக்கூடமும்தான், மிச்சமெல்லாம் கடலுக்குள். இங்கே 26 நூற்றாண்டாக அதே தொட்டியில் படகு கட்டுகிறார்கள். துறைமுகத்துக்குப் பின்னால் 1967ல் ஒரு வணிக வளாகம் கட்டத் தோண்டியபோது கிரேக்கர் காலத்து மதிலும் ரோமானியர் காலத்துப் படகுத்துறையும் வெளியே வந்தன. கட்டடத்தைத் தள்ளிக் கட்டிவிட்டு, அந்த இடத்தை அப்படியே தோட்டமாக விட்டிருக்கிறார்கள், பக்கத்திலேயே மியூசியம். அந்தப் பழைய படகுத்துறைக் கல்லைத் தொட்டுப் பார்க்க வேண்டும் போல இருந்தது. பொறாமை இல்லை, ஏக்கம்தான். எங்கள் கடல் எங்களுக்குத் தொட்டுப் பார்க்க அவ்வளவு விட்டு வைக்கவில்லை.

தாத்தா இந்தத் துறைமுகத்தின் குறுக்கே வானத்தில் ஒரு இரும்புப் பாலம் தொங்கும், அதில் வண்டியைக் கட்டித் தொங்கவிட்டு அக்கரைக்கு இழுப்பார்கள் என்று சொல்லியிருந்தார். அந்தப் பாலத்தைத் தேடினேன். இல்லை. விசாரித்தால், அப்படி ஒன்று இருந்தது உண்மை, 1905ல் கட்டியது, 1944 ஆகஸ்டில் பின்வாங்கிய ஜெர்மானியர்கள் வெடி வைத்து ஒரு கோபுரத்தைச் சாய்த்தார்கள், மிச்சத்தை அடுத்த ஆண்டே இடித்துவிட்டார்கள். தாத்தா போனது 1949ல். அப்படியென்றால் அவர் அதைப் பார்த்திருக்கவே முடியாது. தபால் அட்டையில் பார்த்திருப்பார், இல்லையென்றால் முகாமில் யாரோ சொன்னதைக் கேட்டிருப்பார். தான் வருவதற்கு முன்பே போய்விட்ட பாலத்தையும் சேர்த்து எங்களுக்குக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். இது தெரிந்தபின் அவர் மேல் பாசம் கூடியதே தவிரக் குறையவில்லை.

இன்னொரு கதை. "மார்செல் துறைமுகத்தை ஒரு மத்தி மீன் வந்து அடைச்சிடுச்சு" என்பார். நாங்கள் கண்ணை விரித்துக் கேட்போம். போய்ப் பார்த்தால் அது அந்த ஊரின் பழமொழி. பிரான்சின் மற்ற ஊர்க்காரர்கள் மர்சேய்க்காரர்களை, எதையும் மிகைப்படுத்துகிறவர்கள், மத்தி மீன் துறைமுகத்தை அடைத்தது என்பார்கள் என்று சொல்லிச் சிரிப்பார்களாம். ஆனால் அதற்குப் பின்னால் ஒரு நிஜம் இருக்கிறது, அது நம் ஊர் சம்பந்தப்பட்டது என்று தெரிந்தபோது எனக்குப் புல்லரித்துவிட்டது. 1778ல் புதுச்சேரி ஆங்கிலேயரிடம் விழுந்தது. பிடிபட்ட பிரெஞ்சுக்காரர்களைத் தாயகத்துக்குத் திருப்பி அனுப்ப ஏற்பாடாகி, அவர்களை ஏற்றிக்கொண்டு புதுச்சேரியிலிருந்து கிளம்பிய கப்பலின் பெயர் சார்த்தீன், அந்தக் காலத்துக் கடற்படை மந்திரியின் பெயர். கைதிகளை ஏற்றிய கப்பல் என்பதால் அதைச் சுடக்கூடாது, ஆனாலும் போர்ச்சுகல் பக்கத்தில் ஒரு ஆங்கிலப் போர்க்கப்பல் தவறாகச் சுட்டுவிட்டது. அடிபட்ட கப்பல் எப்படியோ மர்சேய் வரை வந்து, 1780 மே மாதம் துறைமுகத்தின் வாயிலேயே மூழ்கி வழியை அடைத்துக்கொண்டது. சார்த்தீன் கப்பல், வாய்க்கு வாய் மாறி சார்தீன் ஆகிவிட்டது, சார்தீன் என்றால் பிரெஞ்சில் மத்தி. அவர்களுக்கு அது இரண்டு வேறு எழுத்து. நம் எழுத்தில் இரண்டுக்கும் அதே 'த'தான்.

சரி, மீனுக்கு வருவோம். துறைமுகத்தின் உள்கோடியில் தினமும் காலையில் மீன் சந்தை. சின்னச் சந்தைதான், நாகப்பட்டினம் அக்கரைப்பேட்டை மீன் ஏலத்தைப் பார்த்தவர்களுக்கு இது ஒரு ஓரம் மாதிரி இருக்கும். ஆனால் படகிலிருந்து இறக்கிய மீனை நீல நிறத் தொட்டிகளில் கடல்தண்ணீரோடு போட்டு, வாலாட்டிக்கொண்டிருக்கும்போதே விற்கிறார்கள். பெரும்பாலும் பெண்கள்தான் விற்கிறார்கள், கூப்பிடுகிற குரலும் கை நீட்டுகிற விதமும் அப்படியே நம் ஊர். மத்தி இருந்தது, நவரை மாதிரி சிவப்பு மீன் இருந்தது, கணவாய், ஆக்டோபஸ், பாம்பு மாதிரி நீளமான விலாங்கு. தலையெல்லாம் முள்ளும் கொம்புமாக ரஸ்காஸ் என்ற ஒரு மீன், அதில்லாமல் புயாபேஸ் வைக்க முடியாது. சந்தைக்கு மேலே ஒரு பெரிய பந்தல், கூரையின் அடிப்பக்கம் முழுக்கக் கண்ணாடி மாதிரிப் பளபளக்கும் எஃகு. 2013ல் நார்மன் ஃபாஸ்டர் அமைத்தது. அண்ணாந்து பார்த்தால் ஜனங்கள் எல்லோரும் தலைகீழாக நடந்து போகிறார்கள்.

புயாபேஸ் என்பது அவர்கள் ஊர் மீன் குழம்பு. விற்காமல் மிஞ்சிய முள் மீன்களை மீனவர்கள் கொதிக்க வைத்துச் சாப்பிட்டது, இன்றைக்கு ஊரின் பெருமை. பல வகை மீன், குங்குமப்பூ, சோம்புச் செடி, தக்காளி, ஆலிவ் எண்ணெய். முதலில் சாற்றை மட்டும் தருவார்கள், பூண்டும் மிளகாயும் அரைத்த ஒரு விழுதைத் தடவிய ரொட்டித் துண்டுகளை அதில் மிதக்கவிட்டுச் சாப்பிட வேண்டும். அதன் பிறகு மீனைத் தனியாக வைப்பார்கள். 1980ல் அங்கிருக்கும் உணவகங்கள் சேர்ந்து, எந்தெந்த மீன் இருந்தால்தான் இதைப் புயாபேஸ் என்று சொல்லலாம் என்று ஒப்பந்தமே போட்டிருக்கிறார்கள். நாங்கள் முதல் நாள் துறைமுகத்து ஓரத்தில் ஒரு கடையில் மலிவாக இருக்கிறதே என்று போய் ஏமாந்தோம், பொடி கரைத்த தண்ணீர் மாதிரி ஒன்றைக் கொடுத்தார்கள். மூன்றாம் நாள் காசைப் பார்க்காமல் ஒழுங்கான இடத்தில் சாப்பிட்டோம், ஒருவருக்கு 70 யூரோவுக்கு மேல் ஆனது. அந்தச் சாறு வாயில் பட்டதும் எனக்குத் தோன்றியது, இதில் ஒரு கைப்பிடி புளியும் நாலு மாங்காய்த் துண்டும் போட்டால் எங்கள் அம்மா வைப்பது. மீன் முள்ளிலிருந்து இறங்கும் அந்த அடிச்சுவை ஒன்றேதான். ஒருமுறை நல்ல இடத்தில் சாப்பிடுங்கள், இரண்டு முறை மலிவான இடத்தில் சாப்பிடும் காசு அதற்குப் போதும்.

மாதா கோவிலுக்கு 60ஆம் நம்பர் பஸ் போகிறது. ஏறி நடக்கலாம், ஆனால் நல்ல செங்குத்து. நோத்ருதாம் த ல கார்ட் என்பது கோவிலின் பெயர், காவல் மாதா என்று வைத்துக்கொள்ளலாம், ஊர் ஜனங்கள் மட்டும் போன் மேர் என்கிறார்கள், நல்ல அம்மா. இப்போதிருக்கும் கோவில் 1864ல் அர்ச்சிக்கப்பட்டது. உச்சியில் 11 மீட்டருக்கு மேல் உயரத்தில் தங்க முலாம் பூசிய மாதா, கையில் குழந்தை. வெளிச்சுவரில் 1944 சண்டையின் குண்டுத் தழும்புகள் இன்னும் இருக்கின்றன.

உள்ளே போனதும் அண்ணாந்து பாருங்கள். கூரையிலிருந்து கப்பல்கள் தொங்குகின்றன. சின்னச் சின்னக் கப்பல்கள், பாய்மரம், நீராவிக் கப்பல், மீன்பிடிப் படகு, எல்லாம் கயிற்றில் மெதுவாக ஆடிக்கொண்டிருக்கின்றன. புயலில் மாட்டி உயிர் தப்பிய மாலுமிகளும் அவர்கள் வீட்டாரும் நேர்ந்துகொண்டு செலுத்திய காணிக்கை. சுவர் முழுக்கச் சலவைக்கல் பலகைகள், நன்றி, நன்றி என்று தேதியோடு. இதையும் தாத்தா சொல்லியிருந்தார், "கோவிலுக்குள்ள கப்பல் பறக்கும்" என்று.

எனக்கு அது வெளிநாட்டுக் கோவிலாகவே தெரியவில்லை. வேளாங்கண்ணியில் ஆரோக்கிய மாதாவுக்குக் கோவில் பெரிதானதே புயலில் தப்பிய போர்ச்சுகீசிய மாலுமிகளின் நேர்த்திக்கடனால் என்றுதான் சொல்வார்கள். நாகூர் ஆண்டவரோ, சவரம் செய்துகொண்டிருக்கும்போதே நடுக்கடலில் ஒரு கப்பல் ஓட்டையாகித் தவிப்பதை உணர்ந்து, கையிலிருந்த முகம் பார்க்கும் கண்ணாடியை வீசி அந்த ஓட்டையை அடைத்தவர். கந்தூரிக்குக் கொடி ஏற்றும்போது நாகப்பட்டினத்திலிருந்து கப்பல் ரதம் வரும், சின்ன வயதில் அப்பா தோளில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். கடலுக்கு ஆளை அனுப்பிவிட்டுக் கரையில் காத்திருக்கிற ஊர்கள் எல்லாமே கடவுளிடம் கப்பலைத்தான் கொண்டுபோய்க் கொடுக்கின்றன. எங்கள் பாட்டி, அதாவது பெரிய தாத்தாவின் மனைவி, சிவன் கோவிலுக்கும் போவார், நாகூருக்கும் போவார், வேளாங்கண்ணிக்கும் மெழுகுவர்த்தி வாங்கிக் கொடுத்தனுப்புவார். அவர் பேரில் போன் மேரிடம் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினேன்.

மறுநாள் ஜோலியத். தாத்தா இறங்கிய கப்பல் துறை இந்தப் பக்கம்தான். பழைய துறைமுகம் பெரிய கப்பல்களுக்குப் போதாமல் 19ஆம் நூற்றாண்டில் வடக்கே கட்டிய புதுத் துறை. 1869ல் சூயஸ் கால்வாய் திறந்ததும் கிழக்கு நாடுகளுக்கெல்லாம் வாசல் இதுவாகிவிட்டது. பழைய சரக்குக் கிடங்கு ஒன்று 365 மீட்டர் நீளத்துக்கு நிற்கிறது, உள்ளே இப்போது அலுவலகங்களும் கடைகளும். நம் பக்கத்து மல்லாக்கொட்டையும் புதுச்சேரித் துறையிலிருந்து கப்பல் கப்பலாக இங்கேதான் வந்து இறங்கியது. தென்னாற்காட்டு மானாவாரிக் காட்டில் விளைந்த கடலையை ஆட்டி எண்ணெய் எடுத்து, அந்த எண்ணெயில் சோப்பும் காய்ச்சினார்கள். மர்சேய் சோப்பு என்று இன்றைக்கும் உலகமெங்கும் விற்கும் அந்தச் சதுரக் கட்டி, 72 சதவீதம் எண்ணெய் என்று முத்திரை குத்தியிருக்கும். தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் அப்படி ஒன்று கிடந்தது, பாட்டி அதை நூல் கட்டி அறுத்து, நல்ல புடவைக்கு மட்டும் போடுவார்.

இந்தத் துறைமுகத்தில் இறங்கிய நம் நாட்டவர்களைச் சொல்லி முடியாது. 1910 ஜூலையில் சாவர்க்கர் கப்பலிலிருந்து குதித்து நீந்திப் பிடிபட்டதும் இங்கேதான். லண்டனில் அவரோடு இருந்த நம் வரகனேரி வ.வே.சு. ஐயர் அதே ஆண்டு தப்பிப் புதுச்சேரி வந்து சேர்ந்தார். 1914 செப்டம்பர் கடைசியில் முதல் உலகப்போருக்கு இந்தியப் படைகள் இங்கே இறங்கின. 1931ல் வட்டமேசை மாநாட்டுக்குப் போன காந்தியும் இங்கே இறங்கித்தான் ரயில் ஏறினார். ஊரின் தென்பக்கம் மசார்க் என்ற இடத்தில் போர்க் கல்லறை ஒன்று இருக்கிறது, இந்தியச் சிப்பாய்களுக்கு நினைவுச் சின்னமும் உண்டு. நாங்கள் போனபோது ஒரு ஆளில்லை. புல்லை மட்டும் ஒழுங்காக வெட்டி வைத்திருந்தார்கள். பெயர்களை வாசித்துக்கொண்டே நடந்தேன், தம்பியும் பின்னாலேயே வந்தான், நீஸைப் பற்றி அதற்குப் பிறகு பேசவில்லை.

ஜோலியத்தில் துறைமுகத்தைப் பார்த்த மாதிரி ஒரு மாடி இருக்கிறது, வணிக வளாகத்தின் மொட்டை மாடி, காசு கிடையாது. அங்கிருந்து பார்த்தால் கீழே அல்ஜீரியாவுக்குப் போகிற கப்பலுக்கு வரிசையாகக் கார்கள், ஒவ்வொரு கார் மேலும் கார் உயரத்துக்கு மூட்டை, மெத்தை, சைக்கிள். உள்ளே பாட்டி, பேரன், சாப்பாட்டுத் தூக்கு. ஊருக்குப் போகிற முகம் எந்த நாட்டுக்காரர்களுக்கும் ஒன்றாகத்தான் இருக்கிறது. இப்போது நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் விட்டிருக்கிறார்களே, அதற்கு நிற்கும் வரிசையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த மாடி ஞாபகம் வருகிறது.

இஃப் தீவுக் கோட்டைக்குப் போக முடியவில்லை. மிஸ்ட்ரால் என்ற வடக்கத்திக் காற்று அடித்தால் படகை நிறுத்திவிடுகிறார்கள், நாங்கள் போன அன்று பார்த்து அடித்தது. 1516ல் குஜராத் சுல்தான் போர்ச்சுகீசியர்களுக்குக் கொடுத்த காண்டாமிருகம் ஒன்றை போப்பாண்டவருக்குக் கப்பலில் கொண்டுபோனபோது இந்தப் பக்கத் தீவில் இறக்கி வைத்தார்களாம், பிரெஞ்சு அரசரே வந்து பார்த்தாராம். கரையிலிருந்தே தீவைப் பார்த்துவிட்டுத் திரும்பினோம். காலாங்க் என்கிற வெள்ளைச் சுண்ணாம்புப் பாறை விரிகுடாக்களுக்கும் அரை நாள் போனோம், தண்ணீர் கண்ணாடி. கோடையில் அதில் சுகிதோன் என்ற விரிகுடாப் பக்கம் போக இணையத்தில் முன்பதிவு வேண்டும், இலவசம்தான். காட்டுத்தீ அபாயம் இருக்கும் நாளில் பாதையையே மூடிவிடுவார்கள், முதல் நாளே பார்த்துக்கொள்ளுங்கள்.

பனியே என்கிற பழைய குடியிருப்பில் சந்து சந்தாக நடக்க நன்றாக இருக்கிறது. ஆனால் அதன் கீழ்ப்பக்கம், துறைமுகத்தை ஒட்டி, ஏன் எல்லாக் கட்டடமும் புதிதாக இருக்கிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள். 1943ல் ஜெர்மானியர்கள் அங்கிருந்த இருபதாயிரம் பேரை வெளியேற்றிவிட்டு, ஆயிரத்து ஐந்நூறு கட்டடங்களை வெடி வைத்துத் தரைமட்டமாக்கினார்கள். பிரெஞ்சுப் போலீசும் அதற்கு உடன் நின்றது.

மூன்றாம் நாள் நான் கேட்டு ஒரு இடத்துக்குப் போனோம். மர்சேய்க்கு மேற்கே, ஆர்ல் ஊரைத் தாண்டி, ரோன் ஆறு கிளை பிரிந்து கடலில் சேருகிற டெல்டா. காமார்க் என்று பெயர். அங்கே நெல் விளைகிறது! ஜூன் மாதம், பயிர் இன்னும் குட்டையாக, தண்ணீருக்கு மேல் விரல் நீளம் தலை நீட்டிக்கொண்டிருந்தது. நாற்று விட்டு நடுவதில்லை, நேரடி விதைப்பு. ஆற்றிலிருந்து பம்ப் வைத்து இறைத்து வயலில் நிறுத்துகிறார்கள். நெல்லுக்காக மட்டுமில்லை, கடலோர மண்ணில் ஏறுகிற உப்பைக் கழுவி இறக்க நெல்தான் வழி என்று அங்கே படித்ததும் நான் நின்றுவிட்டேன். எங்கள் கடைமடையில் ஆற்றுத் தண்ணீர் வராத வருடம் உப்பு மேலே ஏறி வருவதை அப்பா எத்தனை தடவை சொல்லியிருப்பார். அந்த வாரம்தான் ஊரில் மேட்டூர் அணை ஜூன் 12க்குச் சரியாகத் திறந்து, குறுவைக்குத் தண்ணீர் எப்போது எங்கள் வாய்க்காலுக்கு வரும் என்று வீட்டில் எல்லோரும் காத்துக்கொண்டிருந்தார்கள்.

காமார்க்கில் நெல்லை மறுபடி தழைக்க வைத்தவர்கள் யார் தெரியுமா, இரண்டாம் உலகப்போர் தொடங்கியபோது வியட்நாமிலிருந்து கொண்டுவந்த தொழிலாளர்கள். சுமார் இருபதாயிரம் பேர். அவர்களும் மர்சேயில்தான் இறங்கினார்கள், இறக்கியதும் அடைத்து வைத்தது அப்போது கட்டி முடித்திருந்த ஒரு புதுச் சிறைச்சாலையில். போர் முடிந்தும் பல பேரை வருடக்கணக்கில் ஊருக்கு அனுப்பவில்லை. ஒரு கப்பலில் வியட்நாமிலிருந்து நெல் தெரிந்தவர்களைக் கொண்டுவந்தார்கள், அதே துறையிலிருந்து இன்னொரு கப்பலில் நெல் தெரிந்த எங்கள் தாத்தாவைத் துப்பாக்கி கொடுத்து வியட்நாமுக்கு அனுப்பினார்கள். வயல் வரப்பில் நின்று இதைத் தம்பியிடம் சொன்னேன். அவன் பிறந்தது பிரான்சில். ஒன்றும் பேசாமல் குனிந்து, ஒரு நெற்பயிரின் நுனியைத் தொட்டுப் பார்த்தான்.

கடைசி நாள் சாயங்காலம் மூசெம் மியூசியத்துக்குப் போனோம், செவ்வாய்க்கிழமை விடுமுறை. அதன் மாடியிலிருந்து கடலுக்கு மேலே ஒரு ஒடுங்கிய நடைபாலம் சேன் ஜான் கோட்டைக்குப் போகிறது. கோட்டைத் தோட்டத்துக்குக் கட்டணம் இல்லை. மதில் மேல் ஜனங்கள் வரிசையாக உட்கார்ந்து காலைத் தொங்கவிட்டிருந்தார்கள். ஒன்பது மணிக்கும் நல்ல வெளிச்சம். கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் மஞ்சளாகி, அப்புறம் சிவந்து, ஒன்பதே கால் வாக்கில் சூரியன் விரிகுடாவுக்கு அக்கரையில் தெரிந்த மலையைத் தொட்டது. நான் பிறந்ததிலிருந்து சூரியன் கடலைவிட்டு மேலே ஏறுவதைத்தான் பார்த்திருக்கிறேன். அது கடல் பக்கம் இறங்குவதைப் பார்க்க உடம்பெல்லாம் என்னவோ செய்தது. விழும் என்ற சொல்தான் சரி. கடைசித் துண்டு சட்டென்று விழுந்துவிட்டது. நான் அழுதுவிட்டேன், தம்பி போனில் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டிருந்தான்.

அப்போது ஊரில் நள்ளிரவு தாண்டி ஒரு மணி ஆகப்போகிறது. வீடியோவை மட்டும் அனுப்பிவிட்டு, மறுநாள் காலை மாதா கோவில் மலைக்கு நேர் மேற்கே, கடலோரச் சாலையில் நின்றுகொண்டு வீட்டுக்குக் கூப்பிட்டோம். அப்பா போனைப் பாட்டியிடம் கொடுத்தார். அவருக்கு 86 வயது, கண் கொஞ்சம் மங்கல், போனை மூக்குக்கிட்டே வைத்துத்தான் பார்ப்பார். இரண்டு தடவை போட்டுப் பார்த்தாராம்.

"அப்ப அவரு பொய் சொல்லல" என்றார்.

"இல்ல பாட்டி."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பின்னால் காகம் கத்துவதும், யாரோ மோட்டார் போடுவதும் கேட்டது, வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது போல. அப்புறம் கேட்டார், "அவரு அங்க நின்னு நம்ம ஊரப் பாக்கணும்னா எந்தப் பக்கம் பாத்திருப்பாரு?"

எனக்குச் சட்டென்று சொல்லத் தெரியவில்லை. தம்பி என்னிடமிருந்து போனை வாங்கி, கடலுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று, போன் மேர் நிற்கிற மலைக்கு மேலே கையை நீட்டினான். "அந்த மாதாவுக்குப் பின்னாடி பாட்டி. நேரா."